நண்பர்களோடு மறுபடியும் ஒயினரிக்கு: நீண்ட இடைவெளிக்குப் பிறகு போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

2020 மார்ச்சில் உலகம் கதவைச் சாத்தியபோது, ஒயினைத் தயாரித்து வருகிறவர்களுக்குச் சுவைக்கவும் தரும் ஒயினரிகளும் சாத்தின. 2023 மே 5 அன்று, கோவிட் இனி உலகளாவிய அவசரநிலை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்கு முன்பே பெரும்பாலான ஒயினரிகள் திறந்துவிட்டன. ஆனால் முன்பு சேர்ந்து போய்வந்த நண்பர் குழுக்களில் பல இன்னும் கூடவில்லை. 'ஒருநாள் போகலாம்' என்ற பேச்சு மட்டும் வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பேச்சைப் பயணமாக மாற்ற நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வேகத்தில் போகாதீர்கள். ஒரே நாளில் நான்கு இடங்களைச் சுற்றும் திட்டம் வேண்டாம். ஒன்று போதும், மிஞ்சிப்போனால் இரண்டு. இத்தனை நாள் பார்க்காத நண்பர்களோடு பேச நிறைய இருக்கும். அந்தப் பேச்சுக்கு இடம் விட்டுத்தான் மற்றதெல்லாம். கீழே வரும் ஏற்பாடுகளில் பாதி, மேசையில் உட்கார்ந்த பிறகு எதைப் பற்றியும் கவலைப்படாமல் இருப்பதற்காகவே.

முதல் படி: ஆளைக் கேளுங்கள், அப்புறம் தேதியைப் பாருங்கள்

குழுவில் ஒரு செய்தியைப் போட்டு 'யார் யார் வர்றீங்க?' என்று கேட்பது எளிது. ஆனால் இந்த முறை ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். இடைப்பட்ட காலத்தில் ஒருவர் குடிப்பதை முழுக்க நிறுத்தியிருப்பார். ஒருவர் மதுவோடு சேரக்கூடாத மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒருவர் கருவுற்றிருக்கலாம், அதை எல்லோருக்கும் சொல்ல இன்னும் நேரம் வந்திருக்காது. ஒருவருடைய வீட்டில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பெற்றோர் இருப்பதால் அடைத்த அறைகளை அவர் இன்னும் தவிர்க்கலாம். வேலை போய், கையிருப்பைப் பார்த்துச் செலவு செய்கிறவரும் இருப்பார். இதையெல்லாம் குழுவின் நடுவில் யாரும் சொல்ல மாட்டார்கள். 'அன்னைக்கு வேலை இருக்கு' என்று சொல்லி ஒதுங்கிவிடுவார்கள். தனியாகப் பேசினால் உண்மைக் காரணம் வெளிவரும், அதற்கு வழியும் கிடைக்கும்.

குடிக்காத நண்பரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். தோட்டத்தில் நடப்பது, ஒயினை முதிர வைக்கும் பாதாள அறையைப் பார்ப்பது, ஒயின் உருவாகும் விதத்தைக் கேட்பது, மதிய வெயிலில் உட்கார்ந்து பேசுவது என ஒயினரியில் குடிக்காமல் செய்யக்கூடியவை ஏராளம். பல இடங்களில் திராட்சைச் சாறோ ஆல்கஹால் நீக்கிய ஒயினோ கிடைக்கும். இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துவிட்டால், அங்கே போய் அவர் கையில் தண்ணீர் கிளாஸோடு நிற்க வேண்டி வராது. குடிக்காத காரணத்தை எல்லோர் முன்னாலும் அவரிடம் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்வதும் கூட்டிப்போகிறவரின் பொறுப்பு.

எத்தனை பேர்? நான்கிலிருந்து ஆறு பேர் நல்ல கணக்கு. ஒரே மேசையில் ஒரே பேச்சு ஓடும். எட்டைத் தாண்டினால் இரண்டு மூன்று பேச்சாகப் பிரிந்துவிடும். பெரிய குழுக்களுக்கு ஒயினரிகள் தனி விதிகள் வைத்திருப்பதும் உண்டு.

இரண்டாம் படி: எந்தப் பருவம், எந்த நேரம்

வட அரைக்கோளத்தில் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அறுவடை. தென் அரைக்கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அறுவடைச் சமயத்தில் போனால் பழம் வந்து இறங்குவதைப் பார்க்கலாம், நொதிக்கிற சாற்றின் வாசனை வளாகம் முழுக்க நிறைந்திருக்கும். ஆனால் ஒயின் தயாரிப்பவருக்கு நின்று பேச நேரம் இருக்காது, கூட்டமும் அதிகம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு போகிற முதல் பயணத்துக்கு, அறுவடை முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்துப் போவதையே நான் சொல்வேன். இடம் அமைதியாக இருக்கும், ஊற்றித் தருகிறவரும் நிதானமாகப் பேசுவார்.

வார நாள் கிடைத்தால் வார நாள். முடியாவிட்டால் ஞாயிறு காலை, கடை திறந்தவுடன் வரும் முதல் நேரம். தொழில்முறையில் சுவைக்கிறவர்களும் காலை பத்து, பதினொரு மணியைத்தான் விரும்புவார்கள். நாக்கும் மூக்கும் அப்போதுதான் களைக்காமல் இருக்கும்.

மூன்றாம் படி: முன்பதிவு

பெருந்தொற்றுக்கு முன்பு பல இடங்களில் போகிற போக்கில் நுழைந்து, கவுன்டரில் நின்றபடியே சுவைத்துவிட்டு வரலாம். சமூக இடைவெளி விதிகள் வந்தபோது அவை முன்பதிவுக்கும் உட்கார்ந்து சுவைக்கும் முறைக்கும் மாறின. விதிகள் போன பிறகும் அந்த முறை பல இடங்களில் நிலைத்துவிட்டது. பழைய நினைப்பில் நேராகப் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடலாம். நேரம் ஒதுக்கி, உட்கார வைத்து, ஒருவர் வந்து விளக்குவது நண்பர்களோடு போகிறவர்களுக்கு முன்பைவிட நல்ல ஏற்பாடுதான்.

இணையத்தில் பதிவு செய்தாலும் ஒருமுறை ஃபோன் செய்யுங்கள். எத்தனை ஒயின், ஒவ்வொன்றும் எத்தனை மில்லி, எவ்வளவு நேரம் மேசை நமக்கு, திறந்தவெளியில் இடம் உண்டா, பாதாள அறையைச் சுற்றிக் காட்டுவார்களா, சாப்பாடு கிடைக்குமா, யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் தேதியை மாற்ற விடுவார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சளி, இருமல் இருப்பவர் பணம் போய்விடுமே என்று வந்து உட்காராமல் இருக்க இதுதான் வழி. மூக்கடைப்போடு வருகிறவருக்கு ஒயினில் பாதிகூடத் தெரியாது என்பது வேறு விஷயம்.

மூடிய இடங்களில் உட்காரத் தயங்குகிறவர் குழுவில் இருந்தால் வெளி மேசையையே கேட்டு வாங்குங்கள். பாதாள அறை என்பது குளிர்ந்த, ஈரமான, காற்று அதிகம் நுழையாத இடம். அவர் அந்த இருபது நிமிடம் தோட்டத்தில் நடந்துவிட்டு வரட்டும், வேண்டுமானால் கூட ஒருவர் போகலாம்.

நான்காம் படி: அளவும் வண்டியும்

ஒரு டேஸ்டிங்கில், அதாவது பல ஒயின்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைக்கத் தரும் அமர்வில், 50 மில்லி வீதம் ஐந்து ஒயின் ஊற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 250 மில்லி. ஒரு பாட்டில் 750 மில்லி, ஆக மூன்றில் ஒரு பங்கு. இரண்டு ஒயினரி போனால் மூன்றில் இரண்டு பங்கு. மூன்று போனால் ஆளுக்கு ஒரு முழு பாட்டில் உள்ளே போயிருக்கும். சின்னச் சின்ன அளவாக வருவதால் அது தெரியவே தெரியாது.

13% ஆல்கஹால் உள்ள ஒயினில் 250 மில்லி என்றால் சுமார் 25 கிராம் சுத்த ஆல்கஹால். கல்லீரல் சராசரியாக மணிக்கு 7 முதல் 10 கிராம் வரை கையாளும். ஒரே ஒரு டேஸ்டிங் உடம்பைவிட்டு இறங்க மூன்று மணி நேரம்வரை, சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். காபியோ, முகம் கழுவுவதோ இந்த வேகத்தைக் கூட்டாது. அதோடு, பல வருடம் அதிகம் குடிக்காதவருக்குப் பழைய தாங்குதிறனும் இருக்காது.

அதனால் வண்டி ஓட்டுகிறவர் யார் என்பதை முந்தின வாரமே முடிவு செய்யுங்கள். அவர் அன்று ஒரு துளியும் விழுங்கக்கூடாது. 'சுவைத்துவிட்டுத் துப்பிவிடுகிறேன், ஓட்டிக்கொள்கிறேன்' என்பது சரிப்படாது. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். வாடகை வண்டி கிடைக்கிற இடமாக இருந்தால், செலவைப் பங்கிட்டு அதை எடுப்பதே மேல். நண்பர்களில் யாரும் ஓட்ட வேண்டியிராது, எல்லோரும் மேசையில் நிம்மதியாக இருக்கலாம். திரும்பி வரும் வண்டியையும் போகும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள், தோட்டங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே ஒதுங்கித்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: மூக்கு

கோவிட் வந்தவர்களில் நிறையப் பேருக்கு வாசனை போனது. பலருக்கு வாரங்களில் திரும்பியது. சிலருக்கு மாதக்கணக்கில் ஆனது. இன்னும் சிலருக்குத் திரும்பி வந்த வாசனை திரிந்து வந்தது, காபியும் வெங்காயமும் கருகிய நாற்றமாகத் தெரிந்தன. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. ஆகவே ஒயினை நேசித்த ஒருவருக்கு இது சின்ன இழப்பு அல்ல. 'எனக்கு இப்போ ஒண்ணுமே தெரியறதில்ல, நான் எதுக்கு?' என்று ஒதுங்குகிற நண்பர் உங்கள் குழுவிலும் இருக்கலாம்.

அவருக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள். முதலாவது, மூக்குக்குப் பயிற்சி உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் என்ற ஆய்வாளரின் குழு 2009-ல் இதைச் சோதித்து வெளியிட்டது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்ற நான்கு வாசனைகளை காலையிலும் மாலையிலும் முகர்ந்து பார்க்க வேண்டும், பன்னிரண்டு வாரம். ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி, மனதை அதிலேயே வைத்து. எல்லோருக்கும் முழுதாகத் திரும்பிவிடும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் செய்யாதவர்களைவிடச் செய்தவர்களுக்கு முன்னேற்றம் தெரிந்தது. தேதியை மூன்று மாதம் தள்ளி வைத்தால் இந்தப் பயிற்சிக்கும் நேரம் கிடைக்கும். வாசனை நீண்ட நாளாகத் திரும்பாமலே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மூக்கு இல்லாமலும் ஒயினில் மிச்சம் நிறைய இருக்கிறது. புளிப்பு, இனிப்பு, கசப்பு ஆகிய மூன்றும் நாக்குக்குத் தெரியும். சிவப்பு ஒயினின் துவர்ப்பு, அதாவது டானின், சுவையைவிடத் தொடுதலுக்கு நெருக்கமானது. ஈறும் நாக்கும் உலர்ந்து இழுப்பது போல இருக்கும். ஆல்கஹாலின் சூடு தொண்டையில் தெரியும். நுரைக்கும் ஒயினின் குமிழிகள் நாக்கில் குத்தும். ஒரு ஒயின் நீரைப்போல ஓடுகிறதா, எண்ணெய்போலக் கனமாக நகர்கிறதா என்பதும் வாய்க்குப் புரியும். வாசனை முழுக்க இருக்கிறவர்கள் இவற்றைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். இந்த நண்பர் அவற்றை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். குமிழியுள்ள ஒயின், புளிப்புத் தூக்கலான வெள்ளை, டானின் அழுத்தமான சிவப்பு என்று வாயால் உணரத்தக்கவை உள்ள டேஸ்டிங்கைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறாம் படி: போகிற அன்று காலை

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வாசனைத் திரவியம், மணமுள்ள கை கிரீம் எதுவும் வேண்டாம். அது உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்து மேசைக்காரருக்கும் இடைஞ்சல். புதினா மிட்டாய், சூயிங்கம் கூடாது. அடர்ந்த நிற உடை நல்லது. தோட்டத்து மண்ணில் நடக்கத் தட்டையான காலணி. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஒரு சின்ன நோட்டு, பேனா.

ஏழாம் படி: மேசையில்

வழக்கமான வரிசை: நுரைக்கும் ஒயின், வெள்ளை, ரோசே என்ற ரோஜா நிற ஒயின், சிவப்பு, கடைசியில் இனிப்பு. லேசானதிலிருந்து கனமானதற்கு. இந்த வரிசையை ஊற்றுகிறவரே பார்த்துக்கொள்வார்.

கிளாஸைத் தண்டில் பிடியுங்கள். ஒயின் இருக்கும் மேல்பகுதியைப் பிடித்தால் கைச்சூடு ஒயினுக்குப் போகும். வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்து, விளிம்பைப் பாருங்கள். வயது குறைந்த சிவப்பு ஒயினின் விளிம்பு ஊதா கலந்திருக்கும். வயதாக ஆக அது செங்கல் நிறத்துக்கு இறங்கும். வெள்ளை ஒயின் நேர்மாறாக, வயதாக ஆகப் பொன்னிறமாக அடரும். சுழற்றுவதற்கு முன்பு ஒருமுறை முகருங்கள், சுழற்றிய பிறகு இன்னொருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. ஒரு வாய் எடுத்து, ஐந்து ஆறு நொடி நாக்கின் மேல் உருட்டி வையுங்கள். விழுங்கிய அல்லது துப்பிய பிறகு வாயின் இருபுறமும் எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்று பாருங்கள். ஊறல் கூடினால் புளிப்பு அதிகம்.

துப்புவதில் கூச்சமே வேண்டாம். மேசையில் வைத்திருக்கும் கிண்ணம் அதற்காகத்தான். பிடிக்காத ஒயினின் மீதியை அதில் ஊற்றிவிடுவதும் அவமரியாதை ஆகாது. ஒயின் செய்கிறவர்களே நாள் முழுக்கத் துப்பிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள்.

அப்புறம் ஒரு சின்ன விதி. முதல் ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்கக்கூடாது. ஆளுக்கு மூன்று வார்த்தை நோட்டில் எழுதட்டும், பிறகு ஒவ்வொருவராகப் படிக்கட்டும். ஒருவர் 'மிளகு வாசனை' என்று சொன்னவுடன் மேசையில் எல்லோருக்கும் மிளகு தெரிய ஆரம்பித்துவிடும். மூக்கு அவ்வளவு எளிதில் பிறர் சொல்லுக்கும் கண்ணுக்கும் வசப்படும். 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சின் போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயினியல் படித்த 54 மாணவர்களுக்கு மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதை விவரிக்கச் சிவப்பு ஒயினுக்கான சொற்களையே பயன்படுத்தினார்கள். ஆகவே யாருடைய விவரிப்பும் தவறென்று யாரும் சொல்ல வேண்டாம். ஒருவருக்குத் தெரியும் ஆப்பிள் இன்னொருவருக்குத் தன் பாட்டி வீட்டு அலமாரியாகத் தெரியலாம். அந்த அலமாரியிலிருந்துதான் நல்ல பேச்சுகள் கிளம்பும், அவற்றை வெட்டிவிட்டு அடுத்த ஒயினுக்கு ஓடாதீர்கள். ஊற்றுகிறவரிடம் 'கொஞ்சம் மெதுவாகப் போகலாமா' என்று கேட்டால் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்.

ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் தயங்காமல் சொல்லுங்கள். அது பெரும்பாலும் கார்க்கிலிருந்து வரும் டிசிஏ என்ற வேதிப்பொருளின் வேலை. லிட்டருக்கு ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே பலருடைய மூக்கு கண்டுபிடித்துவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் அந்த பாட்டில் வீண். வேறொன்றைத் திறந்து தருவார்கள்.

எட்டாம் படி: 2020-ஐப் பற்றிக் கேளுங்கள்

பாதாள அறையில் கேட்க எத்தனையோ இருக்கிறது. 225 லிட்டர் ஓக் மரப் பீப்பாய் ஒன்றிலிருந்து 300 பாட்டில் வரும். அமெரிக்க ஓக் பெரும்பாலும் வெனிலாவையும் தேங்காய் வாசனையையும் தூக்கலாகத் தரும், பிரெஞ்சு ஓக் சற்று அடக்கமாக இருக்கும். வெள்ளையைக் குறைந்த சூட்டிலும் சிவப்பைச் சற்று அதிகச் சூட்டிலும் நொதிக்க வைப்பது ஏன், சில வெள்ளை ஒயினில் வெண்ணெய் வாசனை எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் கேட்கலாம்.

என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது 2020 அறுவடையைப் பற்றித்தான். பெருந்தொற்றுக்காகத் திராட்சை காத்திருக்கவில்லை. தென் அரைக்கோளத்தில் கொடியில் பழம் பறித்துக்கொண்டிருந்தபோதே ஊரடங்குகள் வந்தன. நியூசிலாந்தில் கடும் கட்டுப்பாடுகளுக்கு நடுவில், அத்தியாவசிய வேலை என்ற அனுமதியோடு பறிப்பு நடந்தது. வட அரைக்கோளத்தில் இலையுதிர் காலத்தில், ஆள் பற்றாக்குறையோடும் முகக்கவசத்தோடும் பறித்தார்கள். நீங்கள் வீட்டுக்குள் இருந்த அந்த வருடத்தில் இவர்கள் எப்படிச் சமாளித்தார்கள், யார் பறித்தார்கள், விற்பனை நின்றபோது என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். தயாரித்தவரே நேரில் இருந்தால் இந்தக் கேள்விக்கு அவர் உட்கார்ந்து பதில் சொல்வார். 2020 சிவப்பு இன்னும் கையிருப்பில் இருந்தால், ஒரு பாட்டில் வாங்கி மேசையிலேயே பகிர்ந்துகொள்ளுங்கள். அது அந்த வருடத்தின் மழையையும் வெயிலையும் உள்ளடக்கிய ஒயின். அந்த வருடம் ஒவ்வொருவருக்கும் எப்படிப் போனது என்று பேச அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. யாரையாவது இழந்தவர் மேசையில் இருந்தால், அவர் பேச விரும்பினால் பேசட்டும், விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஒன்பதாம் படி: வாங்குவதும் கணக்குத் தீர்ப்பதும்

டேஸ்டிங் கட்டணம், சாப்பாடு, வண்டி மூன்றையும் பொதுக்கணக்கில் போட்டுப் பங்கிடுங்கள். குடிக்காதவரிடம் டேஸ்டிங் பங்கைக் கேட்காதீர்கள். பாட்டில்கள் அவரவர் செலவு. எதையும் வாங்காமல் வருவதற்கும் ஒருவருக்கு முழு உரிமை உண்டு, அதைப் பற்றி மற்றவர்கள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. பல இடங்களில் பாட்டில் வாங்கினால் டேஸ்டிங் கட்டணத்தைக் கழித்துக்கொள்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

எந்த பாட்டில் என்பதைச் சுவைத்த கையோடு முடிவு செய்யாமல், சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் கழித்து நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாதாமாதம் பாட்டில் அனுப்பும் சந்தாவில் அன்றைக்கே சேர வேண்டாம். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் படியுங்கள்.

வாங்கியதை வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவிட்டு இரண்டாவது இடத்துக்குப் போகாதீர்கள். மூடிய வண்டிக்குள் சூடு வெகு சீக்கிரம் 40 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும், பழச்சுவை போய் வெந்த ஜாம் போலாகிவிடும். வெப்பம் தாங்கும் பையைக் கொண்டுபோங்கள், அல்லது ஒயினரியிலேயே வைத்திருக்கச் சொல்லித் திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

வர முடியாமல் போன நண்பருக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டில் வாங்குங்கள். மேசையில் எழுதிய மூன்று மூன்று வார்த்தைகளை ஒரு தாளில் சேர்த்து எழுதி அதோடு கொடுங்கள். கார்க் உள்ள பாட்டில் என்றால் படுக்க வைத்து, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். திறந்த பிறகு வெள்ளையோ சிவப்போ மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். நுரைக்கும் ஒயினை அன்றோ மறுநாளோ முடித்துவிட வேண்டும்.